பாண் றிச்சர்ட்டின் அக்கா

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லொறி வரும் என்று நடாஷா சொன்னபோது அருள்மலரின் கையில் றேஸர் இருந்தது. அது மரியோவின் தொண்டைக்குப் பக்கத்தில் நின்றது. எண்பத்தேழு வயதுத் தோல், கொஞ்சம் அழுத்தினாலே கீறிவிடும். அவள் கையை எடுத்து றேஸரை வெந்நீரில் அலசினாள். அலசத் தேவை இருக்கவில்லை. கையை அவர் தொண்டையிலிருந்து விலக்கி வைக்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. நடாஷா மரியோவின் ஒரே மகள். மாதம் இரண்டு முறை, அருள்மலர் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு வந்து, குளிர்க்கோட்டைக் கழற்றாமலே தகப்பனின் கட்டில் ஓரத்தில் இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போவாள். மிசிசாகாவில், டிக்ஸி வீதிப் பக்கம், தகப்பனின் பழைய படச்சாமான்களை அடைத்து வைத்திருந்த வாடகைக் களஞ்சியத்தை விடப்போவதாகச் சொன்னாள். நல்ல படப்பிரதிகளை ரோமில் ஒரு காப்பகம் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் யாருக்கும் வேண்டாத ஒலிநாடாப் பெட்டிகள். அவை நேரே குப்பைக்குப் போகும்.

மரியோ யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரோ தெரியாது. அருள்மலர் கேட்டாள்.

அந்த வேண்டாத பெட்டிகளில் ஒன்றில் அவளுடைய தம்பி றிச்சர்ட்டின் குரல் இருக்கக்கூடும். அவன் செத்து இருபத்திரண்டு வருடம். அவன் குரல் பதிவான இடம் உலகத்தில் வேறு கிடையாது. வெறும் குரலாக இருந்திருந்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அந்த நாடாவில் அவன் பதினொரு ஆண்களின் பெயர்களைச் சொல்லியிருந்தான். அந்தப் பதினொரு பேருக்கும் என்ன நடந்தது என்று கண்ணால் கண்டவன் அவன் ஒருவன்தான்.

கேட்டு வாங்குவதற்கு என்ன தடை? இல்லத்தின் விதி. அங்கே இருக்கும் முதியவர்களிடம் வேலைக்காரர் எதையும் கேட்கக்கூடாது, எதையும் வாங்கக்கூடாது. போன வருடம் ஒரு கிழவி ஆசையாகக் கொடுத்த கம்பளிச் சால்வையை வாங்கியதற்காக ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். விதி பிழையென்று அருள்மலர் சொல்லமாட்டாள். ஞாபகம் தப்பியவர்களிடம் கையெழுத்து வாங்கி வீடுவளவை எழுதுவித்தவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவளுக்கு வேண்டியது வீடுவளவு அல்ல. ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. இந்த வேலைக்கு முன்னர் ஹோட்டல் துணி வெளுத்தாள், கேக் தொழிற்சாலையில் பெட்டி மடித்தாள். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு வேலை தேடிப்போவது லேசல்ல.

அருள்மலர் தீவுப்பகுதிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எண்பத்தொன்பதில் தனியாக ரொறன்ரோ வந்தாள். தம்பி இரண்டு வருடம் கழித்து வந்தான். வந்தவன் முன்போல் இல்லை. ஊரில் கடலுக்கு நடுவே போகும் ஒரு தெருவில் இருந்த சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அவன் பன்னிரண்டாவது ஆள். இருட்டுப்பட்ட நேரத்தில் தெருவோரக் கல்லடுக்கால் வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். மூக்கு மட்டும் வெளியே தெரிய, கல்லைப் பிடித்தபடி கிடந்து மற்றப் பதினொரு பேருக்கும் நடந்ததைப் பார்த்தான்.

இதை அவன் கனடாவில் முதன்முதலாகச் சொன்னது அகதி விசாரணையில். இருபது நிமிடம் சொன்னான். மொழிபெயர்க்க வந்த தமிழர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அதை நாலு வசனமாகச் சுருக்கினார். இவரை மறித்தார்கள், இவர் ஓடினார், சிலர் காணாமல் போனார்கள், இவருக்குப் பயம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், கதையில் விபரம் போதாது, நம்பத்தக்கதாக இல்லை என்று எழுதினார். விபரம் இல்லையாம். பதினொரு பெயர், தகப்பன் பெயர், உடுத்திருந்த சறத்தின் நிறம் வரைக்கும் சொன்னவனுக்கு விபரம் இல்லையாம். ஒருவன் வாயிலிருந்து வந்ததை இன்னொருவன் வெட்டிப் போடுவான், மூன்றாமவன் வெட்டுப்பட்டதைப் பார்த்து நீ ஊமை என்பான். அதற்குப் பெயர் நீதி.

பிறகு வேறொரு சட்டத்தின் கீழ் அவனுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அது வேறு கதை. மரியோ கொர்வத்தா அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது அந்த விசாரணை முடிந்து இரண்டு கிழமையில்.

மரியோவின் கதையை அருள்மலர் இந்த ஏழு மாதத்தில் அவர் வாயாலேயே துண்டுதுண்டாகக் கேட்டிருந்தாள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும் அவருக்குத் தலை தெளிவாக இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு இத்தாலிய மொழிக்குள் போய்விடுவார், ஆளும் அடையாளம் தெரியாது. மலைக்கிராமத்துத் தையல்காரன் மகன். பதினேழு வயதில் ரோமுக்குப் போய்ப் படப்பிடிப்புத் தளத்தில் மின்கம்பி சுமந்தார். இருபத்தாறு வயதில் படம் எடுக்க விட்டார்கள். ஸ்பெயின் நாட்டுப் புழுதியில் எடுத்த குதிரைவீரர் படங்கள். இத்தாலியன் எடுத்த கௌபோய் படத்துக்கு எவன் ரிக்கற் வாங்குவான் என்று சுவரொட்டியில் ஓர் அமெரிக்கப் பெயரைப் போட்டார்கள். அப்படி எட்டுப் படம். தாய் ஊர்க் கொட்டகையில் முதல் படத்தைப் பார்க்கப் போய், மகனின் பெயரைக் காணாமல், மகன் புளுகியிருக்கிறான் என்று அழுதுகொண்டு திரும்பினாளாம்.

அந்தப் படங்களில் நடித்தவர்கள் நாலைந்து நாட்டுக்காரர். ஒவ்வொருவரும் தன் பாஷையில் பேசினார்கள். வசனம் பாடமில்லாதவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். வாய் அசைந்தால் போதும், குரலைப் பிறகு ரோமில் வேறு ஆட்கள் போடுவார்கள். அந்தக் காலத்து இத்தாலியில் படம் எடுக்கும் முறையே அதுதான். தளத்தில் ஒரு மைக்கும் தொங்கும். குரல் போடுகிறவர்களுக்கு நீளம் குறுக்கம் தெரிவதற்காகப் பிடிக்கும் சத்தம் அது. வேலை முடிந்ததும் அந்த நாடாவை எறிந்துவிடுவார்கள்.

இனி யாரும் தன் பெயரை மாற்றக்கூடாது என்றுதான் மரியோ சொந்தக் கொம்பனி தொடங்கித் தயாரிப்பாளரானார். பேய்ப்படம், பொலிஸ்படம் என்று பதினாலு படம். கொம்பனி முறிந்தது. கனடாவில் கூட்டுத் தயாரிப்புக்கு உதவி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு எண்பதுகளில் ரொறன்ரோ வந்தார். இங்கே தெருவில் நியூயோர்க் ரக்ஸிகளை ஓடவிட்டு மலிவான படங்கள் எடுத்தார். பிறகு ஐம்பத்துநாலு வயதில், வீட்டை ஈடுவைத்து, வாழ்நாளில் எடுக்க ஆசைப்பட்ட ஒரு படத்தை எடுத்தார். ‘பனியில் ஒரு படகு.’ அகதிக் கப்பல் ஒன்று கரைக்கு வருகிற கதை. அதற்கு ஐம்பது தமிழர் வேண்டும் என்று ஸ்காபரோவில் ஆள் பிடித்தார்கள். அக்காவும் தம்பியும் போனார்கள்.

தொண்ணூற்றிரண்டு மாசி மாதம், துறைமுகப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு பெரிய பண்டகசாலை. துறைமுக அதிகாரியாக நடித்தவருக்கு முன்னால் அகதிகள் வரிசையாக நிற்கவேண்டும். மரியோ வரிசையில் நடந்து வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து றிச்சர்ட்டில் நின்றார். உதவியாளன் விளக்கினான். அதிகாரி கேள்வி கேட்பார், நீ எதையாவது பேசு. பேச ஒன்றுமில்லையென்றால் எண்ணு. குரலைப் பிறகு போடுவோம்.

பின்னால் மூட்டையோடு நின்ற அருள்மலருக்கும் அதையே சொன்னார்கள். அவள் எண்ணினாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

றிச்சர்ட் எண்ணவில்லை. அவன் தலைக்கு மேலே தொங்கிய மைக்கைப் பார்த்தான். குரல் வேண்டாதவன் மைக் கட்டுவானா? அவனுக்குத் தெரிந்த நியாயம் அது. அதிகாரி வேடக்காரர் என்னவோ கேட்டதும் அவன் தொடங்கினான். திகதி, தெரு, வரிசை, பெயர்கள். சுருக்க ஆளில்லை. மரியோ நிறுத்தச் சொல்லவில்லை. கமராவுக்குள் சுருள் தீர்ந்து, அது வெறுமனே சுற்றும் சத்தம் கேட்டபோதுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள். லைற் பிடித்த வெள்ளைக்காரன் ஒருவன், ஒரு சொல்லும் விளங்காதவன், கண்ணைத் துடைத்தான்.

அன்றிலிருந்து றிச்சர்ட் நிமிர்ந்து நடந்தான். “அக்கா, படம் வரட்டும். உலகம் முழுக்கக் கேக்கும்” என்று சொன்னான். காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னான்.

படம் வந்தது இரண்டு வருடம் கழித்து. ஸ்காபரோவில் ஒரு திரையரங்கில் ஒரு கிழமை ஓடியது. தமிழர் கார் காராகப் போனார்கள். றிச்சர்ட் கோட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தான். திரை முழுக்க அவன் முகம் வந்தது. வாய் திறந்தது. உள்ளேயிருந்து யாரோ ஒரு முதிய நடிகனின் தடித்த குரல் ஆங்கிலத்தில் ‘பிரெட்’ கேட்டுக் கெஞ்சியது. ஐயா, என் பிள்ளைகள் பசியில் இருக்கிறார்கள், ஒரு துண்டுப் பாண் தாருங்கள் ஐயா. இரண்டரை நிமிடமும் பாண்.

கலியாணமே ஆகாதவன் பிள்ளைகளுக்குப் பாண் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு தியேட்டரே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பாண் றிச்சர்ட். வேலைத்தலத்தில், கலியாண வீட்டில், கிரிக்கெட் மைதானத்தில். “உவருக்கு ஒரு றாத்தல் பாண் எடுத்து வையுங்கோ” என்று பந்தியில் பகிடி விடுவார்கள். அவள் பாண் றிச்சர்ட்டின் அக்கா. செத்தவர்களின் பெயர்களைச் சொல்ல வாய் திறந்த ஒருவனுக்கு நமது சனம் கொடுத்த பட்டம் அது. வெள்ளைக்காரனையும் இராணுவத்தையும் திட்டுவதற்கு நமக்கு ஆயிரம் மேடை உண்டு. இதற்கு ஒரு மேடையும் கிடையாது.

எழுதித் தா என்று அருள்மலர் எத்தனையோ முறை கேட்டாள். அவன் மறுத்துவிட்டான். “ஒருக்காச் சொல்லியாச்சு அக்கா. சொன்னது எங்கையாவது கிடக்கும். இனி நான் வாய் திறந்தா ஆக்களுக்குப் பாண்தான் கேக்கும்.” விமான நிலையப் பக்கம் பொதி ஏற்றும் வேலைக்குப் போனான், வந்தான். முப்பத்துமூன்று வயதில், பனி கொட்டிய ஒரு விடியலில், வேலைக்குப் போகும் வழியில் கார் சறுக்கிச் செத்துப்போனான். செத்தவீட்டில் இரங்கலுரை சொன்னவர்கூட “எங்கட பாண் றிச்சர்ட்” என்றுதான் தொடங்கினார். பாதிரியார் அவளைத் தேற்றினார். அவன் சொன்னதையெல்லாம் ஆண்டவர் கேட்டிருக்கிறார் மகள் என்றார்.

“கேட்டவர் எண்டால் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கோ ஃபாதர்” என்றாள் அருள்மலர். அதற்குப் பிறகு அவள் கோயில் படி மிதிக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஓர் அமைப்பு காணாமல் போனவர்களின் விபரம் சேர்த்தது. அவள் படிவம் நிரப்பப் போனாள். தம்பி வீட்டில் வைத்துச் சொன்னதில் அவளுக்கு ஞாபகம் இருந்தது மூன்று பெயர். அதை எழுதினாள். நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு பெயரும் இருந்தது. அதை எழுதாமல் விட்டாள். நேரில் கண்ட சாட்சி யார் என்ற கேள்விக்கு, இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தாள். படிவம் போனது, பதில் வரவில்லை.

இந்த வருடம் சித்திரையில் இருநூற்றுப்பதினேழாம் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கதவில் பெயர் அட்டை. உள்ளே சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கமராவுக்குப் பக்கத்தில் தொப்பியோடு மரியோ. அவருக்குப் பின்னால் மங்கலாக ஒரு வரிசைத் தலைகள், அதில் ஒன்று மூட்டையோடு. அருள்மலர் தன் தலையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து ஏழு மாதம் அவரைக் குளிப்பாட்டினாள், உடுப்பாட்டினாள், சவரம் செய்தாள். வாய் திறக்கவில்லை. விதி.

இப்போது லொறி வரப்போகிறது.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சவரம் முடிந்த கையோடு, அவள் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். இருவரும் பேசியது அவரவர் உச்சரிப்பிலான ஆங்கிலத்தில்.

“இந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்” என்றாள்.

மரியோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “இது மூட்டை.”

“மூட்டைக்குப் பின்னால்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவர் முகம் மாறியது. அந்த முகம், என்று முணுமுணுத்தார். சுருள் தீரும்வரை ஓடிய ஒரே காட்சி. அறுபது வருடத்தில் அப்படி ஒன்று திரும்ப நடக்கவில்லை.

பிறகு ஏன் பாண் என்று அவள் கேட்டாள். அவர் தன் கைகளைப் பார்த்தார். படத்தை வாங்கவிருந்த விநியோகஸ்தன், தெரியாத மொழியில் இரண்டரை நிமிடம் எவன் இருப்பான் என்று கேட்டானாம். கையெழுத்துப் போடாவிட்டால் படமும் இல்லை, வீடும் இல்லை.

“இயக்குநர் அழுதார்” என்றார் மரியோ. “தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டார். கை ஒன்றுதான்.” பிறகு தலையைச் சரித்து அவளிடம் கேட்டார். “அவன் என்னதான் சொன்னான்?”

முப்பத்துமூன்று வருடம் கழித்து வருகிறது இந்தக் கேள்வி. அம்மை அப்பன் வைத்த பெயர் மாற்றப்பட்ட வலி தெரிந்த மனிதன், இன்னொருவன் வாயைத் தைத்துவிட்டு, அந்த வாய் என்ன சொன்னது என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

“அன்றைக்கே கேட்டிருக்கலாம்” என்றாள். “பக்கத்தில் ஐம்பது தமிழர் நின்றார்கள்.”

அவர் மடியிலிருந்த படத்தில் அந்த மூட்டையை விரலால் தொட்டார். தப்பிக்கச் சாட்டு எதையும் தேடவில்லை. அந்த நாடா இருக்கிறதா என்று அவள் கேட்டபோது மட்டும் கண்ணில் ஒரு கள்ளத்தனம் வந்தது. எல்லா நாடாவையும் எறிவார்கள், அதை எறியவில்லை என்றார். தயாரிப்பாளருக்குத் தெரியாமல் இயக்குநர் ஒளித்து வைத்தது. தகரப்பெட்டி, சிவப்பு றிபன் சுற்றியது. நான்கு வீடு மாறியும் கூடவே வந்தது.

மகளுக்கு எழுதித் தரவேண்டும் என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே, இதோ விதியை உடைத்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. நடுங்கும் கையோடு அவர் இத்தாலிய மொழியில் நாலு வரி எழுத இருபது நிமிடம் எடுத்தது. நடுவில் நிறுத்தி, உன் பெயர் என்ன என்றார். தன் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் ‘மலர்’ என்று மட்டும் இருந்ததை அவள் பார்த்தாள். முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். தம்பியின் பெயரையும் சொன்னாள். வேலையைப் பறிக்க அந்தக் கடதாசி ஒன்றே போதும்.

அவள் அதை மடிக்கும்போது மருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு துர்க்கா உள்ளே வந்தாள். துர்க்கா அந்தத் தளத்துப் பொறுப்பு நேர்ஸ். முப்பது வயது, இங்கே பிறந்தவள், அஜின்கோர்ட்டில் வீடு. 

“அன்ரி, அது என்ன பேப்பர்?”

“மகளுக்கு எழுதினவர்.”

“அப்ப ஒஃபிஸால போகவேணும். குடுங்கோ. மனேஜர் பாத்தாப் பிறகு நான் நடாஷாவுக்கு ஈமெயில் பண்ணுறன், மண்டே போல.”

திங்கட்கிழமை. அருள்மலர் கடதாசியைச் சட்டைப்பைக்குள் வைத்தாள். வேலை போய்விடும், தனக்கும் பிரச்சினை வரும், சீரியஸாகச் சொல்லுகிறேன் என்று துர்க்கா தமிழும் ஆங்கிலமுமாகக் கெஞ்சினாள். கடைசியில் குரல் இறங்கியது. “நான் காணேல்லை எண்டு சொல்லமாட்டன் அன்ரி. ஐ கான்ற்.”

“சொல்லவேண்டாம் பிள்ளை. கண்டதைக் கண்டபடி எழுது. ஒண்டையும் சுருக்காத. என்ர தம்பிக்கு அதுதான் கிடைக்கேல்லை.”

துர்க்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் கையை நீட்டிக் கடதாசியைக் கேட்கவுமில்லை.

வியாழக்கிழமை விடிய ஆறரைக்கு அருள்மலர் டோர்செட் பார்க்கில் தன் கட்டடத்துக்கு முன்னால் பஸ் ஏறினாள். நடாஷாவின் தொலைபேசி இலக்கம் ஒஃபிஸ் கோப்பில் பூட்டிக் கிடந்தது. நேரில் போவதைத் தவிர வழியில்லை. முதல் பனி அன்றுதான் விழவேண்டுமா? வீதி முழுக்கச் சேறு. பஸ், சப்வே, இன்னொரு பஸ். மிசிசாகா எல்லை தாண்டிய பிறகு வண்டிகள் ஊர்ந்தன. எட்டரை. ஒன்பது. ஒன்பது இருபது. அவள் எழுந்து சாரதிக்குப் பக்கத்தில் போய் நின்றாள், நின்றால் பஸ் கெதியாகப் போகும் என்பதுபோல. ஒன்பது நாற்பதுக்கு இறங்கி, பனிச்சேற்றில் சப்பாத்து நனைய ஓடினாள்.

லொறி முன்னதாகவே வந்துவிட்டது. களஞ்சியக் கதவு திறந்திருந்தது. உள்ளே கால்வாசிதான் மிச்சம். இரண்டு பேர் பெட்டிகளைத் தூக்கி லொறிக்குள் எறிந்துகொண்டிருந்தார்கள். எறியும்போது தகரம் தகரத்தில் மோதியது.

நடாஷாவுக்கு அவளைச் சீருடை இல்லாமல் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் இறுகியது. கடதாசியை வாசித்து முடித்தபோது இன்னும் இறுகியது.

“என் அப்பாவிடம் நீ கையெழுத்து வாங்கியிருக்கிறாய்.”

“ஓம். கேட்டு வாங்கினேன்.”

“அவருக்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாது.”

“ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிவரைக்கும் தெரியும்” என்றாள் அருள்மலர். “நீங்கள் பின்னேரம்தான் வருவீர்கள். செவ்வாய்க்கிழமைதான் முதல்தரம் காலையில் வந்தீர்கள்.”

நடாஷா ஃபோனை எடுத்து இல்லத்துக்கு அடித்தாள். துர்க்காவின் குரல் கேட்டது. நடாஷா கேட்டதற்கெல்லாம் துர்க்கா கண்டதைக் கண்டபடி சொன்னாள். பேப்பர் கண்டது, கேட்டது, அன்ரி தரமறுத்தது, றிப்போர்ட் எழுதியது. பிறகு கேட்காத ஒன்றையும் சொன்னாள். நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மரியோ தன் கையைப் பிடித்து, சிவப்புப் பெட்டி போய்விட்டதா என்று மூன்றுதரம் கேட்டாராம். மத்தியானத்தில். ஆங்கிலத்தில்.

நடாஷா ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள். லொறிக்காரர்களைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள். கையிலிருந்த கடதாசியை மறுபடி வாசித்தாள், இந்தமுறை அருள்மலருக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில். நடாஷா, சிவப்பு றிபன் சுற்றிய பெட்டி என்னுடையது அல்ல. வாய் இந்த அருள்மலரின் தம்பி றிச்சர்ட்டுடையது. நான் கடன் கேட்காமல் எடுத்தேன். இவளைத் திட்டாதே.

“சின்ன வயதில் அந்தப் பெட்டியைத் தொட்டதற்கு எனக்கு அடித்திருக்கிறார்” என்றாள் நடாஷா. “உள்ளே கடிதம் என்று நினைத்தேன். வேறு பெண்ணுடைய கடிதம்.”

பெட்டி லொறியின் அடிப்பக்கத்தில் கிடந்தது. நடாஷா தானே குளிர்க்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறினாள். அருள்மலரும் ஏறினாள். அரைமணி நேரம் இருவரும் தகரங்களைக் கிண்டினார்கள். மூடி நெளிந்திருந்தது. சிவப்பு றிபன் மண்ணிறமாகியிருந்தது. உள்ளே நாடா முழுசாக இருந்தது.

அன்று பின்னேரமே அருள்மலரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை.

நடாஷா பழைய நாடாக்களைச் சுத்தம் செய்யும் ஒரு கடையைப் பிடித்து, சனிக்கிழமைக்குள் அதை ஃபோனில் கேட்கக்கூடியதாக மாற்றுவித்தாள். யாரும் அதுவரை கேட்கவில்லை. கேட்பதென்றால் மரியோவுக்கு முன்னால்தான் என்று அருள்மலர் பிடிவாதமாக நின்றாள். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அவள் முன்வாசலால் உள்ளே போனாள். வேலைக்காரருக்கு அது பாதை இல்லை. பார்வையாளர் புத்தகத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. நடாஷா பேனையை வாங்கி ‘படக்குழு’ என்று எழுதினாள்.

அறையில் மரியோ சாய்கதிரையில் இருந்தார். துர்க்கா மருந்து வண்டிலோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நடாஷா ஃபோனைத் தட்டினாள்.

முதலில் இரைச்சல். அதிகாரி வேடக்காரரின் கேள்வி. பிறகு றிச்சர்ட். இருபத்திரண்டு வயதுக் குரல், அருள்மலர் நினைத்து வைத்திருந்ததைவிட மெல்லியது. “என்ர பேர் றிச்சர்ட். நான் கண்டதைச் சொல்லுறன்.”

அவள் நிறுத்தச் சொல்லி, அந்த இரண்டு வசனத்தையும் மொழிபெயர்த்தாள். அடுத்த இரண்டு வசனம். நிறுத்தல். மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லையும் விடவில்லை. ஆங்கிலச் சொல் வராத இடத்தில் துர்க்கா வாசலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சறத்தின் நிறத்தையும் சொன்னாள். கல்லைப் பிடித்திருந்த கையில் சிப்பி வெட்டியதையும் சொன்னாள். மரியோ ஒருதரமும் யன்னலைப் பார்க்கவில்லை.

அவன் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. ஒரு இளம்பெண் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு. பத்துவரை போய்த் திரும்ப ஒண்டு. சொன்னதைச் செய்கிற பிள்ளை. அருள்மலர் கதிரையின் கையை இறுகப் பிடித்தாள்.

பெயர்கள் வந்தன. துர்க்கா ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். முதலாவது, இரண்டாவது, அப்படியே ஆறாவது வரை. ஏழாவது பெயரில் அந்த இளம்பெண்ணின் குரல் திடீரென்று உயர்ந்தது. நாலு, அஞ்சு, ஆறு என்று ஏறக்குறையக் கத்தினாள். பெயர் அதற்குள் மூழ்கிப்போனது. நடாஷா நிறுத்திப் பின்னுக்கு விட்டாள். மறுபடி மூழ்கியது. மூன்றாம் முறையும்.

“அன்ரி, உந்தப் பேர் மட்டும் கேக்கேல்லை” என்றாள் துர்க்கா.

“கேக்காது. அவன் அந்தப் பேரைச் சொல்லப்போறான் எண்டு எனக்குத் தெரியும். காதில விழக்கூடாது எண்டுதான் சத்தமா எண்ணினனான்.”

பேயையும் பிசாசையும் நம்பாதவள், ஆண்டவரையே சாட்சிக்கு அழைத்தவள், அந்தப் பெயரைக் கேட்காமலும் எழுதாமலும் விட்டால் ஆள் எங்கேயோ இருப்பான் என்று முப்பத்துமூன்று வருடம் நம்பியிருந்தாள். தம்பியின் வாயை விசாரணையில் ஒருவர் அடைத்தார், படத்தில் ஒருவர் அடைத்தார். பண்டகசாலையில், முதுகுக்குப் பின்னால் நின்று, அவளும் கொஞ்சம் அடைத்திருந்தாள்.

அவள் சொன்னதைத் துர்க்கா ஆங்கிலத்தில் சொல்ல, நடாஷா மெல்ல மரியோவுக்கு எடுத்துச் சொன்னாள். கிழவர் நிமிர்ந்து இருந்தார். வண்டிலைக் காட்டி, அதை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரும்படி துர்க்காவிடம் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். யன்னலோரத்து ஹீற்றர் இரைந்தது, அதையும் நிறுத்தச் சொன்னார். அறையில் சத்தம் அடங்கும்வரை விரலை உயர்த்தி வைத்திருந்தார். துர்க்கா தன் ஃபோனை எடுத்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, கட்டில் ஓரத்தில் வைத்தாள். பிறகு மரியோ விரலை இறக்கினார்.

“ஏழாவது ஆள் சேவியர் ஜெயசீலன்” என்றாள் அருள்மலர். “தகப்பன் பேர் சேவியர். இருபத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சவர். வைகாசியில என்னைக் கட்ட இருந்தவர். செத்துப்போனார்.”

துர்க்கா மருந்துச் சீட்டில் விட்டிருந்த வெற்றிடத்தை நிரப்பினாள். அருள்மலர் தலையசைத்ததும் நடாஷா ஃபோனைத் தொட்டாள். எட்டாவது பெயரிலிருந்து றிச்சர்ட் தொடர்ந்தான்.